இரண்டு மேட்டுத் தகராறு

சிகரெட் பெட்டியால் ரத்தத்துக்கு ஒரே ஒரு நன்மை நடந்திருக்கிறது. சிகாகோவில் வாலஸ் கோல்ட்டர் என்பவர், பெட்டியைச் சுற்றியிருக்கும் செல்லோஃபேன் தாளில் சூடான ஊசியால் ஒரு துளை போட்டார். துளை வழியே உப்புநீரும் மின்சாரமும் ஓடின. ஒவ்வொரு ரத்த அணு நுழையும்போதும் மின்சாரத்துக்கு வழி குறுகியது. எத்தனை முறை குறுகியது என்று பார்த்தால் எண்ணிக்கை. எவ்வளவு குறுகியது என்று பார்த்தால் பருமன். 1953இல் காப்புரிமையும் வாங்கிவிட்டார்.

வம்பு அதன்பிறகு வந்தது. சிவப்பணுக்களை இப்படி அளந்து வரைபடம் போட்டால் ஒரு மேட்டுக்குப் பதில் இரண்டு மேடு தெரிந்தது. ‘சிவப்பணுவில் குண்டு, ஒல்லி என்று இரண்டு ஜாதி இருக்கிறது’ என்றது ஒரு கட்சி. ‘ஜாதியாவது, உங்கள் கருவிக்குத்தான் கோளாறு’ என்றது எதிர்க்கட்சி.

லாஸ் அலமோஸில், அதாவது அணுகுண்டு செய்த அதே ஆய்வுக்கூடத்தில், மாக் ஃபுல்வைலருக்கு ஒரு யோசனை. வாயால் ஏன் சண்டை போட வேண்டும், இரண்டையும் தனித்தனிக் குப்பியில் பிடித்துப் போட்டுப் பார்த்துவிட்டால் போயிற்று! பிடிப்பது எப்படி? ஸ்டான்ஃபோர்டில் ரிச்சர்ட் ஸ்வீட் என்ற பொறியாளர், மின்னலைகளைத் தாளில் வரைய ஒரு மைப்பீச்சி செய்திருந்தார். பீறிடும் மையை அதிரவைத்தால் ஒரே அளவுத் துளிகளாக உடையும். துளிக்கு மின்னூட்டம் கொடுத்து, பக்கத்தில் உயர் மின்னழுத்தத் தகடுகளை வைத்தால் சொன்ன இடத்தில் போய் விழும். ஃபுல்வைலர் மைக்குப் பதில் ரத்த அணுக்களை ஓட்டினார். கோல்ட்டரின் துளை அளக்கும்; அந்த அணு எந்தத் துளியில் ஏறுகிறதோ அதற்கு மட்டும் மின்னூட்டம்; குப்பியில் போய் விழும். 1965இல் ‘சயின்ஸ்’ இதழில் கட்டுரையும் வந்தது.

தீர்ப்பு? குண்டு என்று பிரித்தவற்றை மட்டும் மறுபடி அளந்தால் மறுபடி இரண்டு மேடு! சிவப்பணு தட்டை வட்டு. நேராக நுழைந்தால் ஓர் அளவு, திரும்பி நுழைந்தால் இன்னோர் அளவு. வழக்கு தள்ளுபடி; கருவிக்கு வேலை போயிற்று.

ஆனால் ஸ்டான்ஃபோர்டில் லியோனார்ட் ஹெர்சன்பெர்க் என்ற மரபியல் பேராசிரியர், நுண்ணோக்கியில் ஒளிரும் செல்களை எண்ணி எண்ணிக் கண் பூத்துப் போயிருந்தார். லாஸ் அலமோஸுக்குப் போய், “ஒளிரும் செல்லைப் பிரிக்கிற மாதிரி இதை மாற்றித் தாருங்களேன்” என்று கேட்டார். அவர்கள் மாற்றித் தரவில்லை. வரைபடங்களைத் தந்து அனுப்பினார்கள். வாங்கிக்கொண்டு ஸ்டான்ஃபோர்டுக்கே திரும்பினார், துளி வித்தையின் பிறந்தவீட்டுக்கே! கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது பேராசிரியர்களுக்கும் பொது. 1969இல் அவர் குழுவின் முதல் கருவி ஓடியது. 1972இல் லேசர் சேர்ந்தது; கட்டுரையில் ஸ்வீட்டின் பெயரும் சேர்ந்தது.

இன்று அதே துளி, 96 குழித் தட்டில் குழிக்கு ஒரு செல் என்று பந்தி பரிமாறுகிறது. சிவப்பணுவில் ஜாதி இல்லையென்று தீர்ப்புச் சொல்லப் பிறந்த கருவி, வெள்ளையணுக்களுக்குள் புகுந்ததும் குணம் மாறிவிட்டது. டி செல், பி செல் என்று ஆரம்பித்து, டி செல்லுக்குள் பிரிவு, பிரிவுக்குள் உட்பிரிவு என்று அடுக்கிக்கொண்டே போகிறது. இந்த முறை தள்ளுபடி இல்லை; எல்லாம் நிஜப் பிரிவுகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆராய்ச்சி நிதி.