பெத்தாவும் நாலாம் டேர்மினலும்

குருக்கள்மடத்தைத் தாண்டி களுவாஞ்சிக்குடிப் பக்கம் போகும் பஸ்ஸில் வந்து செட்டிபாளையத்தில் இறங்கிய எவரும் வழி தொலைத்ததாகக் கேள்விப்பட்டதில்லை. கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவே மெயின் ரோட். தொலைவதற்கு இடமே கிடையாது. அப்படிப்பட்ட ஊரிலிருந்து பெத்தா ஒருவர் டோஹாவில் விமானம் மாறி லண்டனில் இருக்கும் மகளிடம் போவதென்று முடிவானதுதான் தாமதம், ஒழுங்கைக்கு ஒரு விமான நிலைய நிபுணர் முளைத்துவிட்டார்.

கட்டாரில் வேலை செய்து திரும்பிய பேரன் முறைப் பொடியன், "கரடியைக் கண்டா அதுக்குக் கிட்டவே நில்லுங்க பெத்தா" என்றான். பெத்தா வெலவெலத்துப் போனார். அவன் சொன்னது 2014இல் திறந்த ஹமட் விமான நிலையத்தின் நடுவே, தலையில் விளக்கோடு குந்தியிருக்கும் மஞ்சள் கரடியை. சுவிஸ் கலைஞர் ஊர்ஸ் ஃபிஷர் செய்தது. ஏறக்குறைய 7 மீற்றர் உயரம். நம்மவர்களுக்கு அது கலையுமில்லை, சிலையுமில்லை. 'கரடியடி'. அவ்வளவுதான்.

சிங்கப்பூர் பார்த்து வந்த ரீச்சரோ, சாங்கியில் 1, 2, 3 ஆகிய டேர்மினல்களுக்கு ஸ்கைட்ரெயின் ஓடும், 4க்கு மட்டும் பஸ்ஸில் போகவேண்டும் என்று விரல்விட்டு விளக்கினார். அத்தனையும் சரியான தகவல். பெத்தா போகாத ஊருக்கு.

உருப்படியான புத்தி சொன்னவர் மகள்தான். வீல்செயாருக்குச் சொல்லிவைத்தார். 48 மணித்தியாலத்துக்கு முன்பே விமான நிறுவனத்துக்கு அறிவித்தால் போதும், காசில்லை. களுவாஞ்சிக்குடிச் சந்தையிலிருந்து தேங்காய்ப் பையோடு நடந்து வருகிற பெத்தாவுக்குக் காலில் என்ன குறை? குறை இங்கிலீசில். உண்மையாகவே நடக்க முடியாதவர்கள் இதனால் காத்துக்கிடக்க நேர்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் தெற்காசிய விமானம் ஒன்று புறப்படும் வாசலில் வரிசையாக நிற்கும் வீல்செயார்களைப் பார்த்தால், பாதிப்பேருக்கு நோய் மொழிதான் என்று விளங்கும்.

இன்னொரு சங்கடம், பெரிய விமான நிலையங்கள் வாயை மூடிக்கொண்டு வருகின்றன. சென்னையிலும் 2023இல் ஒலிபெருக்கி அறிவிப்புகளைக் குறைத்துவிட்டார்கள். "கல்முன, கல்முன, கல்முன" என்று கொண்டக்டர் தொண்டை கிழியக் கத்தாமல் பஸ் ஏறிப் பழகாத சனம், திரையைப் பார்த்து கேற் நம்பரைத் தானே கண்டுபிடிக்க வேண்டும் என்றால் எங்கே போகும்?

பெத்தாவுக்கு அந்தக் கவலையும் இருக்கவில்லை. கட்டுநாயக்காவில் சுண்ணாம்பு டப்பி 100 மில்லிலீற்றருக்குள் அடங்கிப் பரிசோதனையில் தப்பியது. டோஹாவில் வீல்செயார் தள்ளிய நேபாளிப் பொடியனோடு அவர் தமிழில் கதைத்தார். அவன் ஹிந்தியில் பதில் சொன்னான். கேற்றுக்கு வந்து சேர்வதற்குள் அவனுக்கு எத்தனை சகோதரிகள், யாருக்கு இன்னும் கலியாணமாகவில்லை என்பதெல்லாம் பெத்தாவுக்குத் தெரிந்திருந்தது.

வழி தொலைத்தவர் லண்டனில் இருபது வருஷமாக வாழும் மருமகன். ஊரிலிருந்து வருகிறவர்கள் இறங்குவது ஹீத்ரோவின் 3ஆம் டேர்மினல் என்ற பழக்கத்தில் நேரே அங்கே போய் நின்றார். பெத்தா இறங்கியது 4இல். அங்கே 2ம் 3ம் பக்கத்துப் பக்கத்தில்; 4ம் 5ம் தூரத்தில், நடந்து போகும் கதையே இல்லை. 1 என்று ஒன்று 2015இலிருந்து கிடையாது. மருமகனை அதிகம் பழிக்கவும் கூடாது. 2008 மார்ச் 27ஆம் திகதி 5ஆம் டேர்மினலைத் திறந்த அன்று, வேலைக்கு வந்த ஊழியர்களே கார் நிறுத்த இடம் தெரியாமல் சுற்றினார்கள். பெட்டிகள் குவிந்து, விமானங்களும் ரத்தாகின.

டேர்மினல்களுக்கிடையே ரயில் இலவசம் என்பதால் மருமகன் காரை 3இலேயே விட்டுவிட்டு 4க்கு ஓடினார். பார்க்கிங் இலவசமில்லை. அவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது, உதவியாளர் பெண்ணுக்குப் பக்கத்தில் பெத்தா கால்மேல் கால் போட்டு ரீ குடித்துக்கொண்டிருந்தார்.

ஊர் திரும்பிய பெத்தாவிடம் இப்போது யோசனை கேட்டு ஆட்கள் வருகிறார்கள். ரொறன்ரோவுக்குப் போகவிருக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அவர் சொன்னது: "அங்க ஒண்டும் மூண்டும்தான் இரிக்காம் புள்ள. ரெண்டை 2007லயே மூடி இடிச்சிப்போட்டானுகளாம். உனக்கெதுக்கு இது? கூட்டிப்போக வாற மருமகனுக்குச் சொல்லு."