தான் பிடித்த பாண்டுக்கு மூன்றே கால்

ஜேம்ஸ் பாண்ட் ரசிகர் ஒருவரிடம் "உங்களுக்கு எந்தப் படம் பிடிக்கும்?" என்று கேட்பது சுலபம். பதில் வாங்குவதுதான் பெரும்பாடு. தேர்ந்த ரசிகராக இருந்தால் முதலில் எதிர்க்கேள்வி வரும்: "சிறந்த படத்தைக் கேட்கிறீர்களா, பிடித்த படத்தைக் கேட்கிறீர்களா?" இரண்டும் ஒன்றுதானே என்று அப்பாவியாகச் சொல்லிவிட்டால், சொன்னவருக்கு அன்றைய மாலைப் பொழுது போயிற்று. சிறந்த படம் விருந்தாளி கண்ணில் படும்படி வரவேற்பறை அலமாரியில் வைக்கும் புத்தகம் மாதிரி. பிடித்த படம் தலையணைக்கு அடியில் இருக்கும். அது பெரும்பாலும் மற்ற ரசிகர்கள் தலையில் அடித்துக்கொள்ளும் படமாகவே இருக்கும் என்பதுதான் விசேஷம்.

தகராறு எண்ணிக்கையிலேயே தொடங்கிவிடும். 1962இல் வந்த 'டாக்டர் நோ' முதல் 2021இல் வந்த 'நோ டைம் டு டை' வரை ஈயான் நிறுவனம் எடுத்தவை 25 படங்கள். பாண்டாக நடித்தவர்கள் ஆறு பேர். இது குடும்ப அட்டையில் உள்ள கணக்கு. அட்டையில் பெயர் ஏறாத இரண்டு படங்கள் வாசலிலேயே நிற்கின்றன. ஒன்று, 1967இல் கேலிப்படமாக வந்த 'கேசினோ ராயல்'. அதில் எதிரியைக் குழப்புவதற்காக ஆளாளுக்கு ஜேம்ஸ் பாண்ட் என்று பெயர் வைத்துவிடுவார்கள். எதிரி குழம்பினாரோ இல்லையோ, டிக்கெட் வாங்கியவர்கள் நன்றாகக் குழம்பினார்கள். இன்னொன்று, 1983இல் வந்த 'நெவர் சே நெவர் அகெய்ன்'. 'தண்டர்பால்' கதையின் படவுரிமை கெவின் மெக்ளோரி கையிலும் இருந்ததால் வந்த பங்காளி வீட்டுப் படம் அது. சாட்சாத் ஷான் கானரியே நடித்திருக்கிறார். ஆனால் அந்தப் புகழ்பெற்ற இசையும் இல்லை, துப்பாக்கிக் குழல் வழியே பாண்டைப் பார்க்கும் தொடக்கமும் இல்லை. மாப்பிள்ளை வந்துவிட்டார், மேளம் வரவில்லை.

சரி, அலமாரிப் புத்தகத்துக்கு வருவோம். யாருடைய 'சிறந்த' பட்டியலிலும் 'கோல்ட்ஃபிங்கர்' (1964) இல்லாமல் இருக்காது. ஷெர்லி பாஸியின் குரல், ஆஸ்டன் மார்ட்டின் டிபி5, பக்கத்தில் உட்கார்ந்தவனைக் கூரை வழியாகத் தூக்கி எறியும் இருக்கை, தொப்பியை வீசிக் கற்சிலையின் தலையைக் கொய்யும் ஆட்ஜாப். தொடரின் இலக்கணமே அங்கேதான் எழுதப்பட்டது. இதை மறுத்துப் பேசினால் சங்கத்தில் இடமில்லை.

ஆனால் அந்தப் படத்தில் பாண்ட் என்னதான் செய்தார் என்று ஒரு குறும்பர் கேட்டுவிட்டால் சபை சற்று நெளியும். அவரோடு சேர்ந்த பாவத்துக்கு ஒரு பெண் உடம்பெல்லாம் தங்கம் பூசப்பட்டுச் சாகிறாள். அவளுடைய தங்கை தொப்பிக்குப் பலியாகிறாள். படத்தின் பின்பாதியில் கதாநாயகர் ஏறக்குறைய முழுநேரக் கைதி. தப்பிக்க முடியாத நிலையில் வில்லனின் சதியை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி இன்னொருவன் சட்டைப்பையில் நைஸாகப் போடுகிறார். அந்த ஆளைக் காரோடு சேர்த்துப் பழைய இரும்புக் கடையில் நசுக்கிக் கட்டியாக்கிவிடுகிறார்கள், சீட்டு உள்பட. கடைசியில் சதியைக் கவிழ்ப்பது வில்லனிடம் வேலை பார்த்த பெண் விமானியின் மனமாற்றம். சரி, அணுகுண்டையாவது பாண்ட் நிறுத்தினாரா? கொத்துக் கொத்தாக ஒயர்களைப் பார்த்து விழித்துக்கொண்டிருக்கும்போது, நிபுணர் ஒருவர் பின்னாலிருந்து கையை நீட்டி ஒரு சுவிட்சைத் தட்டுகிறார். கடிகாரம் 007 என்ற எண்ணில் நிற்கிறது. வேலை பார்த்தவர் ஒருவர், பெயர்ப்பலகை இன்னொருவருக்கு. ஆட்ஜாபை மின்சாரம் பாய்ச்சித் தீர்த்தவர் பாண்ட்தான். அந்த ஒரு கணக்கை மட்டும் வரவில் வைத்துக்கொள்ளலாம்.

இதற்கு ரசிகரிடம் பதில் உண்டு. "அதெல்லாம் இருக்கட்டும், அந்தக் கோட்டைப் பாருங்கள்." கானரி கோட்டு போட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் கேள்வி மறந்துபோவதும் உண்மைதான்.

கொஞ்சம் விவரம் தெரிந்தவர் என்று காட்டிக்கொள்ள விரும்புகிறவர் 1969இல் வந்த 'ஆன் ஹர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்' படத்தைத்தான் சொல்வார். அதையும் முழுப்பெயரில் சொல்ல மாட்டார். பழைய சர்க்கார் தபால் உறைமேல் இருக்கிற எழுத்துகள் மாதிரி ஓ.எச்.எம்.எஸ்.எஸ். என்பார். கானரி விலகிய இடத்துக்கு வந்த ஜார்ஜ் லேசன்பி ஒரு ஆஸ்திரேலிய மாடல். சினிமா அனுபவம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. கானரிக்கு முடி வெட்டியவரிடமே போய் முடி வெட்டிக்கொண்டு வாய்ப்புக் கேட்டார் என்ற கதை பிரசித்தம். கிடைத்தது. படம் வெளிவரும் முன்பே இனி பாண்டாக நடிக்கமாட்டேன் என்று அறிவித்துவிட்டு, முதல் காட்சிக்குத் தாடியோடு வந்து நின்றார். பல வருடங்கள் அந்தப் படத்தைச் சீண்டுவார் இல்லை. பிறகு மெல்லக் காற்று திரும்பியது. பாண்ட் நிஜமாகவே காதலித்து, கல்யாணம் செய்து, சில நிமிடங்களில் மனைவியை இழக்கும் அந்த முடிவு தொடரில் வேறெங்கும் அப்படி வலிப்பதில்லை என்பதை ஒப்புக்கொண்டார்கள். இயக்குநர் கிறிஸ்டோபர் நோலன் தனக்குப் பிடித்த பாண்ட் படம் இதுதான் என்று சொன்னதும் கட்சிக்கு ஆள் சேர்ந்தது. அவருடைய 'இன்செப்ஷன்' படத்தின் பனிமலைச் சண்டையில் இதன் சாயலைப் பார்க்கலாம்.

இந்தக் கட்சியையும் மடக்க ஒரு கேள்வி இருக்கிறது. முந்தைய படமான 'யூ ஒன்லி லிவ் ட்வைஸ்' (1967) படத்தில் வில்லன் ப்ளோஃபெல்டும் பாண்டும் எரிமலைக்குள் நேருக்கு நேர் பார்த்துப் பேசியவர்கள். இந்தப் படத்தில் பாண்ட் மூக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, வம்சாவளி ஆராய்கிறவராகப் போய் நிற்கிறார். ப்ளோஃபெல்டுக்கு ஆளைத் தெரியவில்லை. மீசையை ஒட்டிக்கொண்டு வந்த கணவனை மனைவிக்கு அடையாளம் தெரியாமல் போகும் தமிழ்ப் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது பெரிய விஷயமாகப் படாது. ஆனால் உலகளாவிய பாண்ட் ரசிகர்கள் இதற்காகத் தூக்கத்தைத் தொலைத்திருக்கிறார்கள். உண்மைக் காரணம் எளியது: இயான் ஃபிளெமிங் எழுதிய வரிசையில் தபால் உறை நாவல் முதலில், எரிமலைப் படத்தின் மூலநாவல் பிறகு. படமெடுத்தவர்கள் வரிசையை மாற்றிவிட்டார்கள். எளிய காரணத்தால் ரசிகருக்குத் திருப்தி வருமா? 'ஜேம்ஸ் பாண்ட்' என்பது ஆள் பெயரே கிடையாது, பதவிப் பெயர், தாசில்தார் மாதிரி. ஆள் மாறுவார், நாற்காலி அப்படியே இருக்கும் என்று ஒரு சித்தாந்தம் பிறந்தது. அதை உடைக்க எதிர்க்கட்சி சுடுகாட்டுக்கே போகிறது. 1981இல் 'ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி' படத்தில் ரோஜர் மூர் பூங்கொத்தோடு போய் நிற்பது லேசன்பியின் மனைவி கல்லறையில். 2012இல் 'ஸ்கைஃபால்' படத்தில் டேனியல் க்ரெய்கின் அப்பா அம்மா கல்லறையிலேயே பாண்ட் என்ற குடும்பப்பெயர் வெட்டியிருக்கிறது. தாசில்தாருக்கு அப்படி இருக்குமா?

இத்தனை வாதத்துக்கும் அடியில் ஒரு சின்ன விவரம் ஒளிந்திருக்கிறது. ஒருவர் எந்த பாண்டைச் சொல்கிறார் என்று தெரிந்தால் அவர் எந்த வருடம் அரை டிரவுசர் போட்டிருந்தார் என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். பியர்ஸ் பிராஸ்னனைச் சொல்பவர் 'கோல்டன்ஐ' வந்த 1995இல் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பார். டிமத்தி டால்டனைச் சொல்பவர் மட்டும் விதிவிலக்கு. அவர் நாவல் படித்தவர், அல்லது படித்ததாகச் சொல்பவர். தமிழ்நாட்டில் இந்தக் கணக்கில் ஏழாவதாக ஒருவர் குறுக்கே வருவார். 'வல்லவன் ஒருவன்' (1966), 'சி.ஐ.டி. சங்கர்' (1970) என்று நடித்துத் தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட் ஆன ஜெய்சங்கர். அந்தத் தலைமுறையில் சிலருக்குக் கானரி என்பவர் ஜெய்சங்கருக்கு லண்டன் கிளை.

இதை எழுதுபவரின் தலையணைக்கு அடியில் இருப்பது 'ஆக்டோபுஸ்ஸி' (1983). சொல்லும்போதே குரல் தாழ்ந்துவிடுகிறது. குற்றப்பத்திரிகை நீளமானது. பாண்ட் கொடியைப் பிடித்துத் தொங்கி டார்ஜான் கூச்சல் போடுகிறார். பாயவரும் புலியை 'உட்கார்' என்கிறார், அதுவும் உட்காருகிறது. கொரில்லா வேஷம் போடுகிறார். இந்தியா என்றால் முள்படுக்கைச் சாமியார், தீமிதி, வாள் விழுங்குகிறவர் எல்லாரும் ஒரே தெருவில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள் என்று படம் நம்புகிறது. சூதாட்டத்தில் ஜெயித்த ரூபாய் நோட்டுகளை இந்திய சகாவிடம் கொடுத்து, சில வாரக் கறிக் குழம்புச் செலவுக்கு ஆச்சு என்கிற பொருளில் பாண்ட் அடிக்கும் ஜோக்கை இன்று கேட்டால் பல்லைக் கடிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

ஆனாலும் பிடித்த முயல் பிடித்த முயல்தானே? உதய்ப்பூர் படித்துறையில் பாண்ட் இறங்கும்போது ஒரு பாம்பாட்டி மகுடி வாசிக்கிறார். வாசிப்பது நாகின் மெட்டாக இருக்கும் என்று பார்த்தால், ஜேம்ஸ் பாண்டின் சொந்த இசை! தன் படத்துக்குப் பின்னணி இசை உண்டு என்பதும் அது இன்னதுதான் என்பதும் பாண்டுக்கு எப்படித் தெரியும்? யாரும் விளக்குவதில்லை. மகுடியை வாசிப்பவர் சென்னைக்காரர், விஜய் அமிர்தராஜ். விம்பிள்டன் கால் இறுதிவரை ஆடியவர். படத்திலும் அவர் பெயர் விஜய்தான். பிறகு ஆட்டோ துரத்தல். பின்னால் வரும் அடியாட்களை அவர் டென்னிஸ் மட்டையாலேயே சாத்துகிறார். தெருவில் நிற்கும் கூட்டம் டென்னிஸ் பார்ப்பதுபோல் இடமும் வலமுமாகத் தலையைத் திருப்புகிறது. ஆக்ஸ்போர்டு ஆங்கிலம் பேசும் உளவாளியின் மானம் மூன்று சக்கர வண்டியில் காப்பாற்றப்பட்ட இந்த ஒரு காட்சிக்காக மீதியை மன்னிக்கலாம் என்பது எழுதுபவரின் தீர்ப்பு. மேல்முறையீடு கிடையாது.

அந்தப் பங்காளிப் படமும் அதே வருடம் வந்ததால் மூரும் கானரியும் திரையரங்கில் மோதிக்கொண்டார்கள். வசூலில் முந்தியது ஆக்டோபுஸ்ஸி. இதில் ஒரு வேடிக்கை: கானரிக்குப் பின்னால் வந்தவர் மூர், ஆனால் வயதில் அவர்தான் மூத்தவர், ஏறக்குறைய மூன்று வருடம். 'எ வியூ டு எ கில்' (1985) வெளிவந்தபோது அவருக்கு 57. ஓடும் காட்சிகளில் அவர் ஓடுவதைவிடக் காமிராதான் அதிகம் ஓடுகிறது என்று எதிர்க்கட்சி சொல்லும். ஆளுக்கு எத்தனை படம் என்றால் மட்டும் மூர் கட்சி நிமிர்ந்து உட்காரும்: ஏழு. கானரிக்கு, வாசலில் நிற்பதைச் சேர்க்காவிட்டால், ஆறு.

ஒவ்வொரு சறுக்கிய படத்துக்கும் ஒரு வக்கீல் இருக்கிறார். 'குவாண்டம் ஆஃப் சோலஸ்' (2008) வக்கீல் எழுந்ததுமே ஹாலிவுட் திரைக்கதையாளர்களின் வேலைநிறுத்தத்தைச் சொல்வார். எழுத ஆளில்லாமல் நடிகரும் இயக்குநருமே காட்சிகளைத் தட்டிக்கொட்டிச் சேர்த்த படம், அனுதாபம் காட்டுங்கள் என்பார். 'டை அனதர் டே' (2002) வக்கீல் பாவம். கண்ணுக்குத் தெரியாத காரை வைத்துக்கொண்டு எந்தச் சாட்சியைக் கூப்பிடுவது? 'தி மேன் வித் த கோல்டன் கன்' (1974) வழக்கு இன்னும் சங்கடமானது. தாய்லாந்தில் உடைந்த பாலத்தின் மேல் ஒரு கார் காற்றில் முழுச்சுற்று சுழன்று அக்கரையில் நாலு சக்கரத்தில் இறங்குகிறது. கணினியில் கணக்குப் போட்டு, ஒரே டேக்கில் எடுத்த அசல் சாகசம். அதன்மேல், சர்க்கஸ் கோமாளி சறுக்கி விழும்போது ஊதுவார்களே, அந்த 'சுய்ய்ங்' விசில் சத்தத்தைச் சேர்த்துவிட்டார்கள். இசையமைப்பாளர் ஜான் பாரியே பிற்பாடு அதற்காக வருந்தினார். பாயசத்தில் யாரோ பெருங்காயத்தைப் போட்டுவிட்டார்கள். அதற்காகப் பாயசமே மோசம் என்று சொல்லலாமா என்று வக்கீல் கேட்பார். நியாயம்தான், குடிக்கத்தான் முடியவில்லை.

கடைசியாக 'மூன்ரேக்கர்' (1979). 'தி ஸ்பை ஹூ லவ்டு மீ' முடியும்போது அடுத்தது 'ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி' என்று எழுத்துப் போட்டார்கள். அதற்குள் 'ஸ்டார் வார்ஸ்' வந்து கல்லாவை நிரப்பிவிட்டது. உடனே பாண்டை விண்வெளிக்கு அனுப்பிவிட்டார்கள், நாசாவின் நிஜ விண்வெளி ஓடம் பறப்பதற்கு இரண்டு வருடம் முன்பே. வெனிஸில் தரையில் ஓடும் படகைப் பார்த்து ஒரு புறா இரண்டாம் முறை திரும்பிப் பார்க்கும். கட்சி பேதமில்லாமல் அத்தனை ரசிகர்களும் திட்டும் புறா அது. ஆனால் 'கோல்டன்ஐ' வரும்வரை தொடரிலேயே அதிகம் வசூலித்த படம் இதுதான். திட்டியவர்கள் எல்லாரும் டிக்கெட் வாங்கியிருக்கிறார்கள்.

மூன்ரேக்கர் ரசிகர் தன் படத்துக்காக வைக்கும் வாதம் ஒன்றே ஒன்று. ஏழடிக்கு மேல் உயரமான ரிச்சர்ட் கீல் நடித்த ஜாஸ் என்ற அடியாளுக்கு வாயெல்லாம் எஃகுப் பல். ரியோவில் இடிபாட்டுக்குள்ளிருந்து எழுந்து வரும்போது ஜடை பின்னிய, கண்ணாடி போட்ட டாலி என்ற குட்டிப் பெண் அவனுக்குக் கை கொடுக்கிறாள். அவன் பல்லைக் காட்டிச் சிரிக்கிறான். அவளும் சிரிக்கிறாள், அவள் பல்லிலும் பளபளவென்று கிளிப்! இரும்புக்கு இரும்பு, கண்டதும் காதல். "இதைவிட ஒரு ஜோக்கை எவன் எழுத முடியும்?" என்று கேட்கும்போது ரசிகரின் கண் நனைந்திருக்கும்.

டாலிக்குக் கிளிப் கிடையாது. படத்தில் அவள் பல் சாதாரணப் பல். ஆனால் உலகம் முழுக்க ஏராளமான பேர் கிளிப்பைப் பார்த்ததாகச் சத்தியம் செய்கிறார்கள். அது இல்லாவிட்டால் அந்தக் காட்சிக்கே அர்த்தமில்லை என்றும் வாதாடுகிறார்கள். அதுவும் வாஸ்தவம், இல்லாமல் பார்த்தால் அவள் எதற்குச் சிரிக்கிறாள் என்றே புரிவதில்லை. குறுந்தட்டைப் போட்டு, டாலி சிரிக்கும் இடத்தில் படத்தை நிறுத்திக் காட்டினால் ரசிகர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போவார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொள்வார். "இது வேற பிரிண்ட். நான் ஒன்பது வயசில் பார்த்ததில் கிளிப் இருந்தது" என்பார். பிறகு ரிமோட்டை வாங்கி, காட்சியை இன்னொரு தரம் முதலிலிருந்து ஓட்டச் சொல்வார்.