தண்ணீர் வளர்ப்பவர்

கொளத்தூர் வண்ணமீன் சந்தையில் நாலு தங்கமீனைப் பையில் கட்டிக்கொண்டு வருபவரை நமக்குத் தெரியும். இவர் அந்த ரகமில்லை. முதன்முதலாகக் கடல்மீன் தொட்டி வைக்கப் புறப்பட்டவர். கூடத்தில் மூன்றடித் தொட்டி, மேலே நீல விளக்கு, உள்ளே தண்ணீர். மீனா? அதற்குள் என்ன அவசரம்!

லிட்டருக்கு 35 கிராம் வீதம் 200 லிட்டருக்கு 7 கிலோ உப்பு. அதுவும் கப்பலேறி வந்த உப்பு. "பீச்சு கூப்பிடு தூரத்துல இருக்கு, நாலு குடம் மொண்டுக்கிட்டு வந்தா ஆகாதா? தூத்துக்குடிக்காரன் கேட்டா சிரிப்பான்டா" என்பார் அம்மா. "அதுல ஊர்ச் சாக்கடையெல்லாம் கலந்திருக்கும்மா. சமையல் உப்புல கால்சியம், மக்னீசியமெல்லாம் இருக்காது" என்பார் இவர். சொல்வதென்னவோ சரிதான். ஆனால் உப்பைக் கரைக்கத் தனியாக ஓர் ஆர்.ஓ. இயந்திரம் வந்திருக்கிறது. தொட்டிக்குப் போகும் தண்ணீரில் டிடிஎஸ் 0 இருக்க வேண்டுமாம். வீட்டு மனிதர்களுக்கு வழக்கம்போல் கேன் தண்ணீர்.

அடுத்தது இறால். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா மீனையே கொல்லும். அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா முதலில் பெருக வேண்டும். பெருக அதற்குத் தீனி வேண்டும். ஆகவே பச்சை இறால் ஒன்றைத் தொட்டியில் போட்டு அழுக விடுகிறார். "இறால் விக்கிற விலைக்கு வீட்டுல தொக்கு வச்சே மாசமாகுது. நீங்க அதை ஊறப்போட்டு நாற வைக்கிறீங்க" என்று மனைவி சொல்வதில் உள்ள நியாயத்துக்கு எந்தப் பாக்டீரியாவும் பதில் சொல்லாது. இது நாலு வாரம், ஆறு வாரம்கூட நடக்கும்.

அதுவரை பொழுது போக வேண்டுமே! தன் சர்க்கரை அளவைப் பார்க்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு பர்ஸில் மடிந்து கிடக்க, இவர் தினமும் காலையில் தொட்டிக்குப் பரிசோதனை செய்கிறார். சின்னக் கண்ணாடிக் குழாயில் 5 மில்லி தண்ணீர். இந்தக் குப்பியிலிருந்து எட்டுச் சொட்டு, அந்தக் குப்பியிலிருந்து எட்டுச் சொட்டு. குலுக்கி ஐந்து நிமிடம் காத்திருந்து, ஜன்னல் வெளிச்சத்தில் வண்ண அட்டையோடு சேர்த்துப் பிடிப்பார். மஞ்சள் என்றால் அமோனியா இல்லை, பச்சை என்றால் இருக்கிறது. வருவதோ எப்போதும் இரண்டுக்கும் நடுவில். "மஞ்சள்தானே?" என்று வீடு முழுக்க ஓட்டெடுப்பு நடக்கும். பள்ளிக்குக் கிளம்பும் மகள் "எலுமிச்சங்காய்ப்பா" என்று செல்லாத ஓட்டுப் போட்டுவிட்டு ஓடுவாள்.

சென்னை வெயிலில் தொட்டியை 26 டிகிரியில் வைக்கச் சில்லர் வேண்டும். அது தண்ணீரின் சூட்டை வாங்கிக் கூடத்தில் கக்கும். தொட்டிக்குள் கொடைக்கானல், சோபாவில் அக்கினி நட்சத்திரம். கரண்டு போனால் இன்வெர்ட்டர் முதலில் தொட்டியின் அலை மோட்டாருக்கு. மின்விசிறி பிறகு.

ஒரு விஷயத்தில் மட்டும் அவரை மனதாரப் பாராட்டலாம். "ஒரிஜினல் பவளப்பாறை இருக்கு சார்" என்று யாரோ காதோடு சொன்னபோது, அது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்று சொல்லிவிட்டுச் சுட்டமண் பாறை வாங்கி வந்தார்.

கடைசியில் மீனும் வந்தது. பண்ணையில் பிறந்த கோமாளி மீன் ஒரு ஜோடி, சுண்டுவிரல் நீளம். வந்தவர்களுக்கெல்லாம் விளக்கம். "பெருசு பொம்பள. அது செத்துட்டா ஆம்பள பொம்பளயா மாறிடும் அத்தை." ஊரிலிருந்து வந்த அத்தை காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மருமகன் முகத்தைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்க்கிறார்.

மீன் வந்தாலும் மனிதர் திருந்தவில்லை. தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. அதனால் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். ஊற்றியபின் ஒரு சொட்டை உப்பு அளக்கும் கருவியில் வைத்து, ஒற்றைக் கண்ணால் 1.025 என்று படித்தபிறகே அவருக்குச் சோறு இறங்கும்.

அவர் வீட்டுக்குப் போக நேர்ந்தால் மீன் அழகு என்று சொல்லி வைக்காதீர்கள். "தண்ணி என்னமா தெளிவா இருக்கு!" என்று சொல்லுங்கள், டிபன் சாப்பிடாமல் விடமாட்டார். "மொத்தம் எவ்வளவு செலவாச்சு?" என்று மட்டும் மனைவி முன்னால் கேட்டுவிடாதீர்கள்.