குழுவின் நன்மை கருதி

அட்மின் சார் நேற்று விதி 14-ஐத் திருத்திவிட்டார். காலை வணக்கம் போடக் கூடாது என்பதுதான் பழைய விதி. இரண்டாம் மாடி மாமி வணக்கத்தை விட்டுவிட்டு, ஆவி பறக்கும் காபி டம்ளரை மட்டும் அனுப்பினார். உடனே விதியில் ரோஜாப்பூ, உதிக்கும் சூரியன், காபி டம்ளர் மூன்றும் ஏறின. மாமி இன்று காலை பித்தளை பில்டர் படம் அனுப்பியிருக்கிறார். சட்டத்தில் டம்ளர்தானே இருக்கிறது!

ஒரு வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேர் வரை இருக்கலாம். எங்கள் அடுக்ககக் குழுவில் 41 பேர். எங்களை ஆள 25 விதிகள். இந்திய அரசியல் சட்டத்தையே 2023 வரை 106 முறைதான் திருத்தியிருக்கிறார்கள். சாருக்கு அதற்கு இரண்டு தீபாவளி போதும்.

எல்லா விதியும் ‘குழுவின் நன்மை கருதி’ என்றுதான் தொடங்கும். விதி 9: அரசியல் பேசக் கூடாது. 9(அ): தண்ணீர் லாரி வரவில்லை என்பது அரசியல் ஆகாது. 9(ஆ): ஏன் வரவில்லை என்று கேட்பது அரசியல். முப்பது வருஷம் சர்க்குலர் எழுதிய கை, ஓய்வு பெற்றால் சும்மா இருக்குமா?

மற்றவர் செய்தியை அட்மினே அழிக்கும் வசதி 2022-இல் வந்தது. அன்றிலிருந்து குழுவைத் திறந்தால் ‘அட்மின் நீக்கினார்’ என்று நடுகல் வரிசைதான். கேட்டால், “நாளைக்குப் போலீஸ் வந்தா என்னைத்தானே சார் பிடிப்பாங்க?” என்பார். அடுத்தவர் போட்ட பதிவுக்கு, அட்மின் என்பதற்காக மட்டும் ஒருவர் பொறுப்பாகமாட்டார் என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை 2021-இலேயே சொல்லிவிட்டது. அந்தச் செய்தியைக் குழுவில் போட்டேன். நீக்கினார். விதி 17, வெளிச் செய்தி.

ராத்திரி ஒன்பது மணிக்குக் குழுவைப் பூட்டிவிடுவார். அப்புறம் அட்மின் மட்டும்தான் எழுத முடியும். போன சித்திரையில் ஒருநாள் பதினொரு மணிக்கு மேல்தொட்டி வழிகிறது. மோட்டார் ரூம் சாவி சாரிடம். போன் செய்தேன், கட் செய்தார். ‘குழுவில் பதிவிடவும்’ என்று பதில் வந்தது. பூட்டிய குழுவில்! லாரித் தண்ணீர் தெருவில் ஓடியது. காசு எங்கள் மெயின்டனன்ஸில் ஏறியது. இதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. விதி போடச் சொல்லி யாரும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. குழுவை முதலில் தொடங்கினார், அவ்வளவுதான்.

ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து கரண்ட் போனபோது, பூட்டைத் திறந்துவிட்டவரும் அவர்தான். எல்லோர் போனும் அணைந்த பிறகு, டார்ச்சும் நோட்டுமாக மாடி மாடியாக ஏறினார். யார் வீட்டில் கைக்குழந்தை, யாருக்கு இன்சுலின் என்று கேட்டுக் கேட்டு எழுதினார். மூட்டுவலிக்காரர். எங்கிருந்தோ ஐஸ் கட்டி வாங்கிவந்தார். கரண்ட் வந்ததும் விதி 25 வந்தது: ஒவ்வொரு வீட்டிலும் டார்ச் இருக்க வேண்டும்.

போன மாதம் யாரோ முறைத்துக்கொள்ள, சார் விலகப் போவதாக அறிவித்தார். இருக்கிற ஒரே அட்மின் போய்விட்டால் வாட்ஸ்அப்பே குழுவில் ஒருவரை அட்மினாக்கிவிடும். அது யார் தலையில் விழும் என்று யோசித்தோம். நாலாம் மாடிக்காரரை நினைத்ததும் குலை நடுங்கியது. மாமிதான் முதலில், “இருங்கோ சார்” என்று அனுப்பினார்.

நீக்கினார். விதி 11, ஒற்றை வரிப் பதில் கூடாது.