கட்டிலுக்கு ஒரு வாழ்த்து

இடுப்பில் பிடித்து, தொடை வழியே கால்விரல்வரை மின்னலாய் வலி இறங்கினால், அடையாறில் முதல் சிகிச்சை நீதான், கட்டிலே. எல்.பி. ரோட்டு மருந்துக்கடையிலும் சொல்வார்கள், எதிர்வீட்டு மாமியும் சொல்வார்: "நரம்பு இழுத்துக்கிச்சு, அசையாம படுங்க."

உன் சமநீதி பெரிது. 1999-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், சயாட்டிகா என்னும் இந்த நரம்புவலி வந்த 183 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு இரண்டு வாரம் உன்னிடம், மறு பிரிவு நடமாட்டத்தில். பன்னிரண்டாம் வாரத்தில் இரு பக்கமும் 87 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். படுத்தவர், நடந்தவர் என்று நீ பேதம் பார்க்கவில்லை.

உன் கைராசியும் பெரிது. முதுகெலும்பின் வட்டு பிதுங்கி நரம்பு வேரை நெருக்குகிறது. பலருக்கு அந்தப் பிதுக்கத்தை உடலே வாரக்கணக்கில் உறிஞ்சிச் சுருக்கிவிடும். அந்த வேலை முடிகிற நேரத்தில் தவறாமல் பக்கத்தில் இருப்பவன் நீ. பாராட்டும் உனக்கே வந்து சேர்கிறது. அதற்குள் முதுகுத் தசையைத் தளர்த்திவைக்கவும் நீ மறப்பதில்லை.

உன் தோழன், நரம்புவலி மருந்தான பிரிகாபலினும் வாழ்க. 2017-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் 209 பேர். கால்வலியைக் குறைப்பதில் அது வெற்று மாத்திரைக்குச் சமமாக நின்றது, தலைசுற்றல் தருவதில் வெற்று மாத்திரையை முந்தியது. இடுப்பைக் கட்டி இழுக்கும் டிராக்‌ஷனும் நோயாளியைப் பல நாள் வரவழைக்கும் திறமை உள்ளதே.

பிசியோதெரபிக்கு உன் செல்வாக்கு இல்லை. அமெரிக்காவின் யூட்டாவில் வலி வந்து 90 நாளுக்குள் இருந்த 220 பேரை ஆராய்ந்து 2021-இல் எழுதினார்கள்: சீக்கிரமே பிசியோவுக்குப் போனவர்கள் ஆறு மாதத்தில் மற்றவர்களைவிடச் சற்று நன்றாக இயங்கினார்கள். சற்றுத்தான். அந்தச் சற்றுக்கும் தினமும் பயிற்சி செய்யவேண்டும், வலியோடு எழுந்து எலியட்ஸ் பீச்சில் நாலு அடி நடக்கவேண்டும். நீயோ யாரிடமும் உழைப்புக் கேட்டதில்லை.

உன் பொறுமைதான் எனக்குப் பயம். சிறுநீர் அடைத்துக்கொண்டாலும், உட்காரும் இடம் மரத்துப்போனாலும், பாதத்தைத் தூக்க முடியாமல் போனாலும் நீ யாரையும் எழுப்பி அனுப்பமாட்டாய். அந்த இரவு வீட்டில் இருப்பவர்கள்தான் விடியும்வரை காத்திராமல் படுத்திருப்பவரை மருத்துவமனைக்குத் தூக்கிப் போகவேண்டும்.