இடது கைப் பக்கம் லீவு

அட்சரேகையை வருஷம் முழுக்கக் கரைத்து ஊற்றினாலும் ஏறாத ஏழாம் வகுப்புக்கு, ஐப்பசி பிறந்ததும் வானிலை வரைபடம் மட்டும் தானாக ஏறிவிடும். ஆய்வுக்கு வரும் அதிகாரி இதை அறிவியல் ஆர்வம் என்று எழுதிக்கொள்ளட்டும். அம்பத்தூரில் பாடம் நடத்துகிற எனக்குத் தெரியும், அதன் பெயர் லீவு.

முதலில் சமஅழுத்தக் கோடு. ஒரே காற்றழுத்தம் உள்ள இடங்களைச் சேர்த்து இழுக்க வேண்டும். ஒரு மாணவி மார்கழி வாசலில் போடும் சிக்குக் கோலம் மாதிரி இழுத்துக்கொண்டு வந்தாள். "கோடும் கோடும் வெட்டக் கூடாதும்மா. ஒரே இடத்துல ரெண்டு அழுத்தம் எப்படி இருக்கும்?"

"எங்க வீட்ல இருக்கும் சார். அப்பா ஒண்ணு சொல்வாரு, அம்மா ஒண்ணு சொல்வாங்க."

அடுத்தது பைஸ் பாலட் விதி. 1857-ல் டச்சுக்காரர் ஒருவர் சொன்னது: வட அரைக்கோளத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால், தாழ்வழுத்தம் இடது கைப் பக்கம். மைதானத்துக்கு அழைத்துப் போனேன். வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து அடித்தது. நாற்பது முதுகுகள் திரும்பின, நாற்பது இடது கைகள் அக்கினி மூலையை நோக்கி நீண்டன. வங்கக் கடலில் தாழ்வு இருந்தது அந்தத் திசையில்தான். நடுவில் தலைமையாசிரியர் அறையும் இருந்தது.

"சார், அங்க எப்பவும் உயர் அழுத்தம்தானே? மாத்திரைகூடப் போடறாரே!"

தாழ்வின் பதவி உயர்வுப் பட்டியலைச் சொல்லித்தரவே வேண்டியதில்லை. தாழ்வுப் பகுதி என்றால் வீட்டுப்பாடம் எழுத வேண்டும். தாழ்வு மண்டலம் என்றால் பாதி எழுதினால் போதும். ஆழ்ந்த தாழ்வு மண்டலம் என்றால் புத்தகப் பை பரணுக்குப் போய்விடும். காற்று மணிக்கு 62 கி.மீ.யைத் தொட்டுப் புயலாகி, பெயரும் வைத்துவிட்டால் மறுநாள் பரீட்சைக்கும் முழுக்கு.

இவர்களுடைய அண்ணன், அக்காக்களுக்கு வானிலை அதிகாரி எஸ்.ஆர். ரமணன்தான் கண்கண்ட தெய்வம். 2016-ல் அவர் ஓய்வு பெறும்வரை டி.வி.யில் அவர் முகம் தெரிந்தாலே தெருவில் விசில் பறக்கும். பாவம், அவர் சொன்னது மழையை மட்டும்தான். வரம் தருகிறவர் கலெக்டர்.

அங்கேதான் எங்கள் பக்கத்துச் சிக்கல். ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டம். அம்பத்தூரோ 2018-ல் சென்னை மாவட்டத்தில் சேர்ந்துவிட்டது. ஆவடியில் ரயிலேறினால் அண்ணனூர், திருமுல்லைவாயில், அடுத்தது அம்பத்தூர். அந்தத் தூரத்துக்குள் மழை மாறாது, லீவு மாறிவிடும். ஆவடிப் பள்ளியில் படிக்கும் தங்கை போர்வைக்குள் சுருண்டிருக்க, அதே வீட்டு அண்ணன் ரெயின்கோட் சொட்டச் சொட்ட என் வகுப்புக்கு வந்து நின்றான். "மேகத்துக்கு மாவட்ட எல்லை தெரியல சார், கலெக்டருக்கு மட்டும் தெரியுது."

அன்றைக்கே வரைபடத்தில் சென்னை–திருவள்ளூர் எல்லையைச் சிவப்புப் பேனாவால் அழுத்தமாகப் போட்டுவிட்டார்கள். சமஅழுத்தக் கோட்டில்கூட இத்தனை நேர்த்தி வந்ததில்லை.

மழை லீவுக்கு ஈடாகச் சனிக்கிழமை பள்ளி உண்டு என்று சுற்றறிக்கை வந்தது. வாசித்துவிட்டு நிமிர்ந்தேன். முதல் பெஞ்சு அதற்குள் அந்தமான் பக்கம் ஒரு வட்டம் போட்டு, மேற்கு வடமேற்காக அம்பும் இழுத்திருந்தது.

"இது சனிக்கிழமைக்குள்ள கரைக்கு வந்துடும்ல சார்?"