ஊதல் வைத்தியர்

வீட்டுக்கு வீடு வாசற்படி என்பதுபோல், குடும்பத்துக்குக் குடும்பம் ஊதிப் பார்க்கும் ஒருவர் இருப்பார். எங்கள் குடும்பத்தில் அது சித்தப்பா. மிக்ஸி ஓடவில்லையா, ஊதுவார். அடுப்பு பர்னர் எரியவில்லையா, ஊதுவார். டிவி ரிமோட், சிம் கார்டு, சுவர்க் கடிகாரம் எல்லாம் அவர் மூச்சுக்காற்றைக் குடித்து வளர்ந்தவை. ஊதிவிட்டுக் கண்ணை மூடி ஒரு விநாடி நிற்பார் பாருங்கள், கையில் வேப்பிலை மட்டும்தான் குறை.

இவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம். சட்டைப் பையில் பேனாவோடு பேனாவாக ஒரு டெஸ்டர் இருக்கும். கல்யாணத்துக்கு வந்தாலும் இருக்கும். கையில், எப்போதோ நடந்த யாரோ ஒருவரின் கல்யாணத் தாம்பூலப் பை. தேங்காய் இருந்த இடத்தில் இப்போது இன்சுலேஷன் டேப், ஒயர்த் துண்டுகள், பழைய ரேடியோவில் கழற்றிய, வேறெதற்கும் பொருந்தாத திருகுகள். பேச்சிலும் ஒரு வரிசை உண்டு. "கரண்ட் வருதா?" என்று தொடங்குவார்கள். வந்தால் "லூஸ் காண்டாக்ட்." அதுவும் இல்லையென்றால் "கார்பன் புடிச்சிருக்கும்." அதற்கும் மசியவில்லையென்றால்தான் குரலைத் தாழ்த்தி, "போர்டு போயிருச்சு" என்பார்கள். போர்டு போன சாமான்களுக்குச் சித்தப்பா எந்தப் பொறுப்பும் ஏற்பதில்லை.

அவருக்கு இந்தக் கை ராசி வந்தது தொண்ணூறுகளில். ஜப்பானில் நிண்டெண்டோ கம்பெனி 1983இல் ஃபேமிகாம் என்று ஒரு வீடியோ கேம் பெட்டியை விட்டது. நம் பர்மா பஜாருக்கு வந்து சேர்ந்தவை அதன் நகல்கள். அசல் பெட்டியில் ரிமோட்டுகள் உடம்போடு ஒட்டியே பிறந்தவை, கழற்ற முடியாது. நகலில் ஒன்பது பின் வைத்த பிளக். அது கொஞ்சம் ஆடினாலும் மாரியோ நடக்க மாட்டார். கேசட்டில் 9999 கேம் என்று அட்டை ஒட்டியிருக்கும், உள்ளே இருக்கும் கொஞ்சம் ஆட்டங்களே திரும்பத் திரும்ப வரும். படம் வராமல் திரை சாம்பல் பூத்தால், சித்தப்பா கேசட்டை உருவி, மவுத் ஆர்கன் மாதிரி பிடித்து, இடமிருந்து வலமாக ஒரு ஊது. செருகினால் கான்ட்ரா வந்துவிடும். எட்டு வயதில் நான் பார்த்த முதல் அற்புதம் அதுதான்.

உண்மையில் வேலை செய்தது ஊதல் இல்லை. உருவித் திரும்பச் செருகியதில் பின்கள் ஒழுங்காகப் பதிந்துகொண்டன, அவ்வளவுதான். மூச்சின் ஈரம் பின்களை அரித்துவிடும், ஊதாதீர்கள் என்று நிண்டெண்டோவே சொல்லியிருக்கிறது. அதைச் சித்தப்பாவிடம் நேரில் சொல்லும் தைரியம் நிண்டெண்டோவுக்கு உண்டா, தெரியாது. எனக்கு இல்லை.

போன பரீட்சை லீவில் என் மகனின் கேம் பெட்டி படுத்துக்கொண்டது. எந்தக் கம்பெனி என்பது வேண்டாம், பெட்டிமேல் தப்பில்லை. இரண்டு கண்ட்ரோலரில் எதை அழுத்தினாலும் விளக்கு படபடவென்று மின்னி அணைந்துவிடும். திரையிலோ, கண்ட்ரோலரைக் கேபிளில் இணைத்து பட்டனை அழுத்தவும் என்று ஓர் அறிவிப்பு. இணைத்தோம். சார்ஜ் ஏறியது. அழுத்தினோம். அறிவிப்பு அசையவில்லை. செட்டிங்ஸுக்குள் போய்ச் சரிசெய்யலாமென்றால், அதற்குள் போகவும் கண்ட்ரோலர் வேண்டுமாம். பீரோ சாவியை பீரோவுக்குள் வைத்துப் பூட்டிய கதை.

"சின்ன தாத்தாவ வரச் சொல்லுப்பா" என்றான் மகன்.

சித்தியோடு வந்தார். "ரிமோட்டு எங்கடா?"

"ரிமோட் இல்ல தாத்தா, கண்ட்ரோலர்."

"ரெண்டும் ஒண்ணுதான். கரண்ட் வருதா?"

டெஸ்டர் வைத்துப் பார்த்தார். வந்தது. எல்லா பிளக்கையும் பிடுங்கிப் பத்து நிமிஷம் ஆறப்போட்டார். வைஃபை பெட்டியை அணைத்தார். ஓடிக்கொண்டிருந்த மைக்ரோவேவை, உள்ளே இருந்த பாலோடு நிறுத்தச் சொன்னார். (இதில் அவரைக் கேலி செய்ய முடியாது. ப்ளூடூத்தும் மைக்ரோவேவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் தெருவில்தான் குடியிருக்கின்றன. ஒன்று இரைந்தால் மற்றதற்குக் காது கேட்காது. சித்தப்பா சொன்ன காரணம், "மெயினு லோடு தாங்காது.") பிறகு கண்ட்ரோலரைக் கவிழ்த்து, முதுகில் ஒரு குட்டி ஓட்டையைக் கண்டுபிடித்தார். "ஊக்கு குடு." சித்தி தாலிக்கொடியிலிருந்து கழற்றிக் கொடுத்தார். ரீசெட் பண்ணுவதற்கென்றே வைத்த ஓட்டைதான் அது. குத்தினார். இருந்த விளக்கும் அணைந்தது.

பழைய டிவி என்றால் இந்தக் கட்டத்தில் அதன் தலையில் ஒரு தட்டு விழும். சுவரில் மாட்டிய எல்இடி டிவிக்குத் தலை கிடையாது. தட்ட இடமில்லாமல் அவர் கை அந்தரத்தில் தவித்ததைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. காபி கேட்டார்.

காபி வந்த நேரத்தில் சித்தி, சும்மா கிடந்த கேபிளை எடுத்துத் தன் போனைச் சார்ஜில் போட்டுவிட்டார். சித்தப்பா அதைப் பொருட்படுத்தவில்லை. தாம்பூலப் பைக்குள் கைவிட்டுத் தன் கேபிள் ஒன்றை எடுத்தார். பழைய போன் டப்பாவோடு வந்தது. கண்ட்ரோலர் வாயில் ஒரு ஊது, கேபிள் வாயில் ஒரு ஊது, பெட்டி வாயில் நீளமாக ஒரு ஊது. செருகினார். அழுத்தினார். விளக்கு நின்று எரிந்தது. இரண்டாவதற்கும் அதே பூஜை. அதுவும் எரிந்தது.

"பாத்தியா? கார்பன்."

நடந்தது வேறு. இந்த மாதிரி யுஎஸ்பி கேபிளுக்குள் நான்கு கம்பி இருக்க வேண்டும். சிவப்பும் கறுப்பும் மின்சாரத்துக்கு, பச்சையும் வெள்ளையும் பேச்சுவார்த்தைக்கு. நடைபாதையில் நான் ஐம்பது ரூபாய்க்கு வாங்கிய கேபிளில் பச்சையும் வெள்ளையும் கிடையாது. சோறு போடும், பேச விடாது. பெட்டியும் கண்ட்ரோலரும் முதலில் கம்பி வழியாக விலாசம் மாற்றிக்கொண்டால்தான் அப்புறம் காற்றில் பேசும். அதுவும் எங்கள் கண்ட்ரோலருக்கு ஒரு விலாசம்தான் ஞாபகம் நிற்கும். இன்னொரு வீட்டுப் பெட்டியில் செருகிவிட்டால், பிறந்த வீடு மறந்துபோகும். முந்தின வாரம் இரண்டையும் சிநேகிதன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனதை மகன் அன்றைக்கு ராத்திரிதான் ஒப்புக்கொண்டான்.

சித்தப்பாவிடம் இதையெல்லாம் நான் விளக்கவில்லை. விளக்கியிருந்தால், "கார்பன் இருந்தா கம்பி எப்படிடா பேசும்?" என்று கேட்டிருப்பார்.

மகன் இப்போது எதைச் செருகினாலும் முதலில் ஊதுகிறான். ஊதிவிட்டுக் கண்ணையும் மூடுகிறான். சித்தப்பாவோ, வேலை முடிந்ததும் வழக்கம்போல் தன் கேபிளைச் சுருட்டித் தாம்பூலப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார். உங்கள் வீட்டுப் பரண்மேல் பழைய போன் டப்பா ஏதாவது கிடந்தால், அதிலுள்ள கேபிளை மட்டும் எறிந்துவிடாதீர்கள். நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.